பைபிளும் விக்கிரக விலக்கும்

திருவாலவாயாகிய மதுரையில் அமெரிக்க மிஷன் சங்கத்தார் 1834ஆம் ஆண்டிற் பணி தொடங்கினர். ஆலய வழிபாட்டை மறுக்கப் புகுந்த பிரசாரகர் பெரிதும் பற்றிய வாக்கியம், யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்து விக்கிரக விலக்கேயாம். அதே வாக்கியத்தைத் தம் வேதத்திலுடைய கத்தோலிக்கரோ, அம்மதுரையிலேயே திருவுருவங்களை வைத்துப் போற்றுகின்றனர். நூல் ஒன்றாயினும் வாசிப்பு இரண்டு!

அந்நூலை முற்றக் கற்ற சைவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் பேர்சிவல் பாதிரியாருடன் பைபிளைத் தமிழாக்கியவர். அது 1850இல் அச்சாயிற்று. 1854இல் வெளிவந்த அவரது சைவதூஷணபரிகாரம், எருசலேம் ஆலயக் கிரியைகளைச் சைவக் கிரியைகளோடு ஒப்பிட்டுக் காட்டிற்று.

யாமும் அவ்வழி நோக்குவோம். விலக்கு வந்த 20ஆம் அதிகாரத்தின் பின், 25ஆம் அதிகாரத்திலேயே, பொன்னால் இரண்டு கேருபீன்கள் செய்து கிருபாசனத்தில் வைக்குமாறு கட்டளை வருகின்றது. அவை வணங்குதற்கல்லவெனக் கிறிஸ்தவ அன்பர் விடை பகர்வர். அவ்விடை பொருத்தமுடையதே. ஆயின் அது நூலின் முன்னும் பின்னும் நோக்கிப் பிறந்த விடையன்றோ? சிவலிங்கத்தைக் கல்லென்று இகழுங்கால், சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை அங்ஙனம் நோக்காதொழிதல் என்னை?

இக்குற்றம் அவர்பாலதே எனல் ஒவ்வாது. பைபிளில் நகைத்தற்குரியனவாகத் தமக்குத் தோன்றும் வசனங்களை மட்டும் பொறுக்கியெடுத்து மேடையேறுவார் நம்மவருள்ளும் உளர். அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்தில், மறுக்கப்படும் மதத்தை அம்மதத்தார் கூற்றாகவே முதற்கண் நிறுத்திப் பின்னரே மறுத்தனர். அவ்வாறு கிறிஸ்தவ மதத்தை நிறுத்திக் காட்டவல்லார் நம்முட் சிலரே.