சில்லறையும் அட்டையும்: தேர்வு யாருடையது?

ஜெர்மனியில் ஒரு சூப்பர் மார்க்கெட் வரிசையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு மூதாட்டி. ரொட்டி, பால், கொஞ்சம் உருளைக்கிழங்கு. பர்ஸைத் திறந்து சென்ட் சென்ட்டாக எண்ணி வைக்கிறார். பின்னால் ஏழெட்டுப் பேர். முணுமுணுப்பு இருக்கும். ஆனால் 'கார்டைத் தேய்ச்சிட்டுப் போம்மா' என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். காசாகக் கொடுப்பது அங்கே பழக்கம் மட்டுமல்ல, கிட்டத்தட்ட உரிமை.

வெளியிலிருந்து போகிறவர்களுக்கு இது சிரிப்பு. காரும் இயந்திரமும் செய்து உலகத்துக்கு விற்கிற நாட்டில் இன்னும் ஃபாக்ஸ், தபாலில் வரும் கடிதம், 'ரொக்கம் மட்டும்' என்று பலகை தொங்கும் உணவகம்! இந்தச் சிரிப்பை நாம் சந்தேகிக்க வேண்டும். தொழில்நுட்பம் ஒரே நேர்க்கோட்டில் ஓடும் ரயில், எல்லா ஊரும் அதே தண்டவாளத்தில்தான் வர வேண்டும், வராதவன் பின்தங்கியவன் என்கிற கருத்தியல் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சமூகம் ஒரு கருவியை வேண்டாம் என்பதற்கும், மெதுவாக ஏற்பதற்கும் காரணம் இருக்கலாம் என்று அந்தச் சிரிப்புக்குத் தோன்றுவதில்லை.

இந்தப் பழக்கமும் மாறிக்கொண்டுதான் வருகிறது. ஜெர்மன் மத்திய வங்கியின் ஆய்வுகளின்படி 2017இல் நூற்றுக்கு 74 கொடுக்கல் வாங்கல்கள் ரொக்கத்தில் நடந்தன. 2021இல் அது 58, 2023இல் 51. ஆக, பாதிக்குப் பாதி. ஆனால் எண்ணிக்கை இங்கே முக்கியமில்லை. காசா, அட்டையா என்று தேர்ந்தெடுக்கிற இடத்தில் நிற்பது யார் என்பதுதான் நம் கேள்வி.

2

'நாஜிகளையும் ஸ்டாஸியையும் பார்த்தவர்கள், அதனால் தகவல் கொடுக்கப் பயப்படுகிறார்கள்' என்பது எல்லாரும் சொல்கிற விளக்கம். பொய்யில்லை. 1939 மே மாதக் குடிக்கணக்கெடுப்பில் தாத்தா பாட்டிகளில் யார் யூதர் என்று கேட்கும் தனி அட்டை ஒன்று உறையோடு வீடு வீடாகத் தரப்பட்டது. அந்தக் கணக்கெடுப்பைத் துளையிட்ட அட்டைகளின் வழியே எண்ணிக் கொடுத்தவை ஐபிஎம்மின் ஜெர்மன் கிளையான டெஹோமாகின் இயந்திரங்கள். கிழக்கே ஸ்டாஸி விட்டுப்போன கோப்புகளை அடுக்கினால் நூறு கிலோமீட்டருக்கும் மேல். 1992 ஜனவரி முதல் மக்கள் தங்கள் கோப்பைத் தாங்களே படிக்க முடிந்தபோது, பலர் தம்மைப் பற்றி எழுதிக் கொடுத்த நண்பரை அதில் கண்டார்கள்.

ஆனால் நினைவு தானாக வேலை செய்வதில்லை. அதை யாராவது வேலை வாங்க வேண்டும். 1983 ஏப்ரலில் மேற்கு ஜெர்மனியில் நடக்கவிருந்த குடிக்கணக்கெடுப்பை எதிர்த்து ஊர் ஊராகப் புறக்கணிப்புக் குழுக்கள் கிளம்பின. வழக்குகள் போட்டார்கள். அரசியல் சாசன நீதிமன்றம் முதலில் அதை நிறுத்தி வைத்தது. பிறகு 1983 டிசம்பர் 15 அன்று, தன்னைப் பற்றிய தகவல் யாரிடம், எதற்காகப் போகிறது என்று தீர்மானிக்கும் உரிமை மனித கண்ணியத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. 1987இல் கணக்கெடுப்பு மறுபடி வந்தபோது புறக்கணிப்பும் மறுபடி வந்தது. மூதாட்டி சென்ட் எண்ணுகிற அந்த ஒரு நிமிஷத்துக்குப் பின்னால் தெருவில் இறங்கிய ஒரு இயக்கமும் இருக்கிறது. 'ஜெர்மன் மனோபாவம்' என்று சொல்லி அந்த இயக்கத்தை மறைத்துவிடக் கூடாது.

அந்த உரிமை எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு ஒரு உதாரணம். 2010இல் கூகுள் தெருப்படங்களை 20 நகரங்களில் வெளியிடப் போனபோது சுமார் 2,44,000 வீட்டார் 'என் வீட்டை மங்கலாக்கு' என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கே நுகர்வோர் ஒரு பெரிய நிறுவனத்தைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது. அதை அது கேட்கவும் வேண்டியிருந்தது.

3

இதோடு நிறுத்தினால் இது ஜெர்மனிக்குப் பாராட்டுப் பத்திரமாகப் போய்விடும். காசில் கறாரான அதே மனிதர் வாடகைக்கு வீடு தேடும்போது என்ன செய்கிறார்? ஷூஃபா என்கிற நிறுவனத்திடம் தன் கடன் நாணயத்துக்குச் சான்று வாங்கி, வீட்டுக்காரர் கையில் கொடுக்கிறார். எந்தத் தவணை தப்பியது, எந்த பில் நின்றுபோனது என்பதெல்லாம் ஒரு மதிப்பெண்ணாகத் திரள்கிறது. ஷூஃபா பிறந்தது 1927இல், பெர்லினில். நகரத்து மின்சார நிறுவனம் வீட்டு மின்கருவிகளைத் தவணைக்கு விற்றபோது, யார் ஒழுங்காகக் கட்டுவார் என்று தெரிந்துகொள்ள உண்டான ஏற்பாடு அது. அதாவது நுகர்பொருளும் கண்காணிப்பும் ஒரே வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தன. இந்த மதிப்பெண்ணை வைத்தே ஒருவரின் ஒப்பந்தம் முடிவானால், மதிப்பெண் போடுவதே இயந்திரம் எடுக்கிற முடிவுதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்ல 2023 டிசம்பர் வரை ஆனது.

மொழியைப் பாருங்கள். தமிழில் 'கடன்' என்றால் வாங்கிய பணம். செய்ய வேண்டிய கடமையும்தான். ஜெர்மனில் 'ஷூல்ட்' என்றால் கடன், குற்றமும்தான். இதைப் பிடித்துக்கொண்டுதான் நீட்ஷே ஒழுக்கத்தின் வம்சாவளியை எழுதப் போனார். காசாகக் கொடுத்துக் கணக்கை அங்கேயே முடித்துவிடுகிறவன் குற்றமற்றவன். கடன்பட்டவன் விசாரணைக்கு உரியவன். ஆக, அந்தரங்கம் என்பது எல்லார் தலையிலும் சமமாகப் பெய்கிற மழை இல்லை. கடன் இல்லாதவனுக்கு அது கூரை. கடன்பட்டவனுக்கு ஓட்டைக் குடை.

4

குடையே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் ஜெர்மன் நாடாளுமன்றம் தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்கான உதவித் தொகையை 'பணம் செலுத்தும் அட்டை' வழியாகக் கொடுக்கச் சட்ட வழி செய்தது. பல மாநிலங்களில் இந்த அட்டையிலிருந்து மாதத்துக்கு 50 யூரோதான் ரொக்கமாக எடுக்க முடியும். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சில இடங்களில் குறிப்பிட்ட வட்டாரத்துக்கு வெளியே அட்டை வேலை செய்யாது. ஊருக்குப் பணம் அனுப்பக் கூடாது, ஆள் கடத்துகிறவர்களுக்குப் போகக் கூடாது, 'காசு கிடைக்கும்' என்று யாரும் கிளம்பி வரக் கூடாது என்பன சொல்லப்பட்ட காரணங்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். 2023 ஏப்ரல் வரைக்கும் ஜெர்மனியில் பெட்டி நிறைய ரொக்கம் கொண்டுபோய் ஒரு முழு வீட்டையே வாங்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ரொக்கத்தில் கறுப்புப் பணம் புழங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பணக்காரனின் ரொக்கத்தை அவ்வளவு காலம் சுதந்திரம் என்றார்கள். அகதியின் ரொக்கம் மட்டும் உடனே சந்தேகமாகிவிட்டது. சந்தைத் தெருவில் பழைய சட்டை வாங்க, பிள்ளையின் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கொடுக்க, அட்டை வாங்காத கடையில் ஒரு தேநீர் குடிக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஐம்பதுதான்.

டெல்யூஸ் 1990இல் கட்டுப்பாட்டுச் சமூகம் பற்றி எழுதிய சிறு கட்டுரையில் கத்தாரியின் கற்பனை நகரம் ஒன்று வருகிறது. மின்னணு அட்டை இருந்தால் தெரு திறக்கும்; ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணியில் அதே அட்டை மறுக்கப்படலாம். நாம் அதை எதிர்காலம் பற்றிய எச்சரிக்கையாகப் படித்தோம். எதிர்காலம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அது முதலில் அகதியின் உடலில் சோதித்துப் பார்க்கப்படுகிறது.

இது ஜெர்மனியில் புதிதும் இல்லை. 1993இல் வந்த தஞ்சம் கோருவோர் உதவிச் சட்டம் பணத்துக்குப் பதில் பொருளாகக் கொடுப்பதை விதியாக்கியது. உணவுப் பொதி, வவுச்சர். அந்த ஆண்டுகளில் அங்கே தஞ்சம் கேட்டு நின்றவர்களில் ஈழத் தமிழரும் இருந்தார்கள். எதைச் சமைக்கலாம் என்பதை இன்னொருவர் தீர்மானிக்கிற வாழ்க்கை அது. வவுச்சர் காகிதம்; இன்றைய அட்டை பிளாஸ்டிக். அவ்வளவுதான் முன்னேற்றம்.

5

தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி நமக்குள் நடக்கிற பேச்செல்லாம் கடைக்காரன் கேள்வியாகச் சுருங்கிக் கிடக்கிறது: எது நல்ல போன், எது வேகம், எது மலிவு. ஜெர்மனியின் உதாரணம் வேறொன்று சொல்கிறது. மறுக்க முடிவதுதான் தேர்வு. மறுக்க முடியாதவனிடம் கொடுக்கப்படும் கருவி, அது எவ்வளவு நவீனமாக இருந்தாலும், கைவிலங்கின் உறவுக்காரன்.

அங்கே டிஜிட்டல் கட்டாயத்தை எதிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூனில் ரயில் சலுகை அட்டையைப் பிளாஸ்டிக்கில் கொடுப்பதை நிறுத்தியபோது, செல்பேசி இல்லாத முதியவர் என்ன செய்வார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் முதியவருக்காகக் கேட்டுவிட்டு அகதியின் அட்டையைப் பற்றி வாய் திறக்காவிட்டால், அந்த அந்தரங்க அரசியல் வீட்டுக்காரர் அரசியல்தான். தன் சன்னலை மங்கலாக்கிக்கொண்டு அடுத்தவன் பர்ஸை வெளிச்சத்தில் விடுவது.

பல நகரங்களில் நடக்கிற ஒரு சின்னக் காரியத்தில்தான் எனக்கு நம்பிக்கை. அகதிகள் தங்கள் அட்டையால் சூப்பர் மார்க்கெட்டில் பரிசுக் கூப்பன் வாங்குகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அதே தொகையை ரொக்கமாகக் கொடுத்து அந்தக் கூப்பனை வாங்கிக்கொண்டு தங்கள் மளிகைக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பைசா தருமம் இல்லை. கொடுப்பவருக்கு நஷ்டம் இல்லை. அரசு பிரித்து வைத்த இரண்டு வகைப் பணத்தை இரண்டு பேர் கை மாற்றிக் கலந்துவிடுகிறார்கள். பழைய வவுச்சர் நாட்களிலும் இப்படிக் கலந்தவர்கள் உண்டு. இதை ஒழிக்க அரசியல்வாதிகள் வழி தேடுவதிலிருந்தே தெரிகிறது, எங்கே வலிக்கிறது என்று.

அந்த மூதாட்டி சென்ட் எண்ணட்டும். யாரும் அவசரப்படுத்த வேண்டாம். ஆனால் அதே வரிசையில் ஐம்பது யூரோ கணக்கோடு நிற்கிறவனுக்கும் எண்ணுவதற்கு அதே சில்லறை வேண்டும். அது இல்லாதவரை அவருடைய சுதந்திரமும் சலுகைதான். சலுகையை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.