மருத்துவன் மகனும் உழைச்செல்வானும்: பொன்னியின் செல்வனில் கோடிக்கரைக் காட்சிகள்

மருத்துவத்திற்கு உறுப்பு நான்கு என்பது வள்ளுவர் கருத்து. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணும் உழைச்செல்வான் என அந்நான்கும் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக்கண் வைத்து எண்ணப்பெறுகின்றன. உரைகண்ட பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்பிற்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துரைத்தார். அவ்வகுப்பில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. மனம், மொழி, மெய் என்னும் மூன்றும் தூயவாதலை அவர் மருத்துவனுக்கும் கூறினார், உழைச்செல்வானுக்கும் கூறினார். கல்வியும் பயிற்சியும் மருத்துவனுக்கே உரியன. நோயாளியிடத்து அன்புடைமையோ உழைச்செல்வானுக்கே எடுத்தோதப்பட்டது. தூய்மை ஒன்றே இருவர்க்கும் பொது. மருத்துவ அறம் என்று இக்காலத்தார் வழங்குவதன் வேர் இப்பொதுமையில் உளது என்பது நம் கருத்து.

மருத்துவனும் மருந்தும் இல்லாத இடத்தில் இவ்வறம் யார்மேல் நிற்கும்? இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்குக் கல்கி அவர்களின் பொன்னியின் செல்வன் தக்கதோர் ஆய்வுக்களம் ஆகும். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடர்ந்து வந்து, பின்னர் மேடையிலும் திரையிலும் நாடக உருப்பெற்ற அப்பெருங்கதையில், உயிர்காக்கும் நிகழ்ச்சிகள் பல கோடிக்கரையைச் சூழ்ந்தே நடைபெறுகின்றன. இன்று கோடியக்கரை என வழங்கும் அவ்வூர், சோழநாட்டு நெல்வயல்கள் முடிந்து உப்பளமும் சதுப்பும் காடும் கடலும் கூடும் முனை. சுந்தரமூர்த்தி நாயனார் அங்குள்ள குழகர் கோயிலைப் பாடியபோது, இறைவன் துணையின்றித் தனித்திருத்தலை எண்ணியே நெஞ்சுருகினார். ஆபத்து வந்தக்கால் அழைத்தற்கு ஆள் இல்லாத இடம் அது. அந்நிலத்தைக் கல்கி தேர்ந்தது பொருத்தமுடைத்து.

அக்கரைக்கு மருத்துவத்தின் பெயரால் வருபவன் ஒருவன் உளன். பழையாறை வைத்தியரின் மகன், சுந்தரசோழரின் நோய்க்கு மூலிகை கொணர்வான் என்னும் காரணத்தால் வந்தியத்தேவனுடன் அனுப்பப்படுகின்றான். இதனை வெறுங்கற்பனை எனத் தள்ளுதல் இயலாது. கதை நிகழ்காலத்திற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், வீரராசேந்திரன் காலத்தில் எழுந்த திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிக்கின்றது. மருத்துவன் ஒருவன், அறுவை செய்வான் ஒருவன், மூலிகை கொணர்வார் இருவர், மருந்து சமைத்து நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் என அதில் பணியாளர் வகுக்கப்பட்டனர். ஆகவே மூலிகை கொணர்தல் சோழர் காலத்தில் ஊதியம் பெற்ற ஒரு பணி. பேணும் பெண்டிரும் அவ்வாறே நெல் பெற்றனர். வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு நூலளவில் நில்லாது அரசின் கணக்கிலும் இடம்பெற்றது.

அத்தகைய பணிமேல் வந்த வைத்தியர் மகன் செய்தது யாது? பூங்குழலிபால் கொண்ட ஆசையும் உடன்வந்தான்மேல் கொண்ட பொறாமையும் உந்த, தான் அறிந்த செய்தியைத் தேடிவந்தாரிடம் காட்டிக்கொடுக்கின்றான். அவன் மருந்தில் பிழை செய்தான் அல்லன், மொழித்தூய்மையில் பிழைத்தான். தொழிலால் அறிந்த மறையை வெளியிடுதல் மருத்துவர்க்குப் பெருங்குற்றம் என்பது கீழ்நாட்டு நூல்களுக்கும் கிரேக்கர் உறுதிமொழிக்கும் ஒத்த கொள்கை. அக்குற்றத்தையே கல்கி அவனுக்கு ஏற்றினார்.

இவனுக்கு எதிர்நிலையில் நிற்பவள் ஓடக்காரப் பெண் பூங்குழலி. அவள் மருத்துவம் பயின்றவள் அல்லள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், முன்பின் அறியாத வந்தியத்தேவன் அவளைத் துரத்திச் சென்று புதைசேற்றில் அமிழ்கின்றான். தன்னைத் துரத்தியவன் என்பதொன்றே அவனைக் கைவிடுதற்குப் போதிய காரணமாகலாம். அவளோ திரும்பிவந்து அவனைக் கரையேற்றுகின்றாள். ‘நீ யார், ஏன் துரத்தினாய்’ என்னும் கேள்விகளுக்கு உயிர் மீட்சிக்குப் பின்னரே இடம். பின்னர்ப் புயலில் கப்பல் அழிய, கடலில் மிதந்த அருள்மொழியையும் வந்தியத்தேவனையும் தன் ஓடத்தில் ஏற்றிக்கொள்பவளும் அவளே.

இவை கதையை விறுவிறுப்பாக நடத்துதற்குரிய உத்திகளே என்பாரும் உளர். உத்தி என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் காப்பார் வரிசையை நோக்குக. ஓடக்காரி, மாலை தொடுக்கும் சேந்தன் அமுதன், துறவிகள் என உழைச்செல்வார் நிரையாக வருகின்றனர். மருத்துவக் குடிப்பிறந்தவனோ காட்டிக்கொடுப்போனாக வருகின்றான். இத்துணை ஒழுங்காக அமைந்த முரணைத் தற்செயல் என்று ஒதுக்குதல் திறனாய்வுக்கு அழகன்று.

1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், உயிருக்கு ஊறு நேர்ந்தவனுக்குச் சட்ட முறைகளை எதிர்பாராது சிகிச்சை செய்தல் ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று தீர்ப்பளித்தது. 2016-இல் அதே மன்றம், விபத்துற்றாரைக் காக்க முன்வரும் பொதுமக்களைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு ஏறியது. முன்னையது மருத்துவனின் அறம். பின்னவை உழைச்செல்வானின் அறத்துக்கு அரண். சேற்றுப் பள்ளத்தின் கரையில் பூங்குழலி செய்ததைச் சட்டம் மெல்லத் தொடர்ந்து வந்தது எனலாம்.

இனி அரியதொரு சிக்கலுக்கு வருவோம். கரைசேர்ந்த அருள்மொழி கடுஞ்சுரத்தில் நினைவிழக்க, அவனைப் பூங்குழலியும் சேந்தன் அமுதனும் ஓடத்தில் வைத்துக் கால்வாய் வழியே நாகைச் சூடாமணி விகாரத்திற்குக் கொண்டுசெல்கின்றனர். பிட்சுக்கள் அவனை மறைவாகப் பேணுகின்றனர். அவ்விகாரம் முதலாம் இராசராசன் ஆட்சியில் சீவிசய மன்னரால் எழுந்தது என்பது வரலாறு; கதைக்காகக் கல்கி அதனை முன்தள்ளினார். அது நிற்க. இளவரசன் கடலில் மாண்டான் என நாடு முழுதும் அழுகின்றது; பெற்றோர் புலம்புகின்றனர்; அவனோ விகாரத்தில் உயிரோடு இருக்கின்றான். மறைகாத்தல் நோயாளிக்கு நன்மை, பெற்றோர்க்குக் கொடுந்துன்பம். இவ்விரண்டனுள் பிட்சுக்கள் முன்னையதைத் தேர்ந்தனர். பகைவர் சூழ்ந்த நிலையில் அது சரியே. எனினும், அதன் விலையைப் பிறர் கண்ணீரால் செலுத்தினர் என்பதைக் கதை மறைக்கவில்லை. வைத்தியர் மகன் உடைத்த மறையும் பிட்சுக்கள் காத்த மறையும் ஒன்றையொன்று அளக்கும் கோல்கள்.

ஐந்தாம் பாகத் தொடக்கத்தில் கடல் பொங்கி விகாரத்தை மூழ்கடிக்கின்றது. தலைமைப் பிட்சு புத்தர் சிலையின் அடிகளைப் பற்றியவராய் நீருள் அமிழ்கின்றார். அவரால் காக்கப்பட்ட இளவரசன் நீரில் மூழ்கி அவர் கைகளை விடுவித்து மேலே கொணர்கின்றான். பேணப்பட்டவன் பேணுவோன் ஆகின்றான், அமைப்பு அழகியது. ஆனால் அறம் எளிதன்று. சேற்றில் அமிழ்ந்தவன் காப்பாற்றப்பட விரும்பினான். சுரத்தில் கிடந்தவன் விருப்பம் அறியவொண்ணாதது. இத்துறவியோ தம் விருப்பத்தைக் கைகளாலேயே உணர்த்தியவர். தெளிந்த அறிவுடையார் சிகிச்சையை மறுக்கும் உரிமையையும், அதனை முன்னரே எழுதிவைக்கும் உரிமையையும் உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்ட பின், இக்காட்சியை நாம் வாளா பாராட்டிச் செல்லுதல் இயலாது.

நன்றிக்கடன் பிறர் விருப்பத்தை மீறும் உரிமை ஆகாது என்பது நம் துணிபு. ஆயினும் வெள்ளம் ஏறும் கணத்தில் பற்றிய கை, ஆய்ந்து கொண்ட முடிபோ, பேரிழப்பின் கலக்கமோ என்று தெளியப் பொழுதில்லை. ஐயம் உள்ளவிடத்து உயிரைக் காத்தால், பின்னர் மறுத்துரைக்கும் வாய்ப்பாவது அவருக்கு எஞ்சும். கைவிட்டால் அதுவும் எஞ்சாது. இளவரசன் செயல் இவ்வளவில் பொறுக்கத்தக்கது. மீண்டெழுந்த துறவியின் உள்ளத்தை நூலாசிரியர் இன்னும் ஆழ்ந்து காட்டியிருப்பின், தமிழ்க் கதையுலகிற்கு ஓர் அரிய அறவிவாதம் கிடைத்திருக்கும். வீரச்செயலின் ஒளியில் அவ்வினா மங்கியது இக்காட்சியின் குறை.

குறை கூறினும், நூல் நிறுவிய உண்மை பெரிது. குடிப்பிறப்பும் தொழிற்பெயரும் ஒருவனை மருத்துவன் ஆக்கா. மருத்துவன் வாராத கரையில் பக்கத்தில் நிற்பவனே மருத்துவத்தின் முழுச்சுமையும் தாங்குகின்றான். பரிமேலழகர் இருவர்க்கும் பொதுவாக வைத்த தூய்மை அங்கேதான் சோதிக்கப்படுகின்றது. அச்சோதனையில் வைத்தியர் மகன் தோற்றான், ஓடக்காரி வென்றாள்.