பெயர் கேளாத பிள்ளைகள்

உழைப்பைக் கண்டு ஓவியம் எழுதியோர் பலர். உழைப்பின் அழகில் நின்றுவிட்டோரும் உண்டு. அதன் விலையைக் காட்டியோரும் உண்டு. நாம் வந்து குடியேறிய வங்க மண் இவ்விரு நெறிக்கும் சான்றாக இரண்டு அச்சோவியரைத் தந்துள்ளது. ஒருவர் ஹரேன் தாஸ் (1921–1993). மற்றவர் சித்தபிரசாத் (1915–1978).

கல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கியவர் ஹரேன் தாஸ். மரக்கட்டையில் மயிரிழை போன்ற கோடுகளைச் செதுக்கி உழவரையும் மீனவரையும் படைத்தார். நீரின் ஒளியும் மரத்தின் நிழலும் நம் நெஞ்சை அள்ளுகின்றன. ஆயினும், அவ்வொளியில் உழைப்பவரின் களைப்பு நமக்கு மறந்துபோகிறது.

சித்தபிரசாத் நம்மை மறக்க விடுவதில்லை. சணல் ஆலைகள் நிறைந்த ஹூக்ளிக் கரையில், நைஹாத்தியில் பிறந்தவர் அவர். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மேதினிப்பூர் மாவட்டத்தைச் சுற்றிக் கண்டு, 'பசித்த வங்கம்' என்ற பொருளில் ஆங்கில நூல் வெளியிட்டார்; அன்றைய அரசு அதன் படிகளைக் கைப்பற்றி அழித்தது. பின்னர் பம்பாயில் வாழ்ந்தபோது, உழைத்துப் பிழைக்கும் சிறுவர்களை லினோ அச்சில் செதுக்கினார். தேவதைக் கதைகளைக் கேட்டறியாத தேவதைகள் என்று பொருள்படும் அத்தொகுதியை 1969இல் யூனிசெஃபின் டென்மார்க் குழு வெளியிட்டது.

லினோ என்பது தரையில் விரிக்கும் பொருள். செதுக்கிய இடம் வெண்மையாகும். கத்தி படாத இடம் மையேறிக் கருமையாகும். இடைப்பட்ட மென்னிறங்களுக்கு அங்கே இடம் அரிது. அவருடைய அரசியல் சுவரொட்டிகளில் இந்த வன்மை சிற்சில வேளைகளில் வெறும் முழக்கமாகிவிடுவதை மறைக்க வேண்டியதில்லை. சிறுவர் படங்களிலோ முழக்கம் அடங்கிவிடுகிறது. குழந்தையும் அதன் வேலையும் நம்முன் நிற்கின்றன.

இது பிறர் கதையன்று. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் நம் சிறுவர்களும் உழைத்தனர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதன் பின்னரும், நான் பணியில் சேர்ந்த புதிதில், கம்பிக்கூட்டில் தேநீர்க் குவளைகளை ஏந்தி ஒரு சிறுவன் எங்கள் மேசைதோறும் வருவான். கோப்பிலிருந்து கண்ணெடுக்காமலே குவளையை வாங்கிக்கொள்வேன். அவன் பெயரை நான் கேட்டதில்லை. அப்படங்களைக் கண்ட அன்றுதான் அது உறைத்தது. அதற்குள் அவன் வேலையை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹரேன் தாஸின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி மகிழலாம். சித்தபிரசாத்தின் படத்தையோ நம் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் காட்ட வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாம் விடை தேட நேரும்; அதுவே அக்கலையின் வெற்றி.