எண்ணும் பெயரும்: முதல் உலகப்போர் நினைவுக் கல்வெட்டுகள் – நடுகல் மரபு நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

தென்காசி மாவட்டத்தில் சுரண்டை முதல் நெற்கட்டும்செவல் வரையிலான நிலப்பகுதி, 18ஆம் நூற்றாண்டில் பாளையக்காரர் போர்களின் களமாக விளங்கியது. பூலித்தேவனின் படையில் போரிட்டவர்களாகப் போற்றப்படும் ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி ஆகியோரைப் பற்றிய செய்திகள், கம்பெனி ஆவணங்களைக் காட்டிலும் வழிவழிக் கதைகளிலும் பாடல்களிலுமே மிகுதியாகக் கிடைக்கின்றன. அக்கதைகளின் வரலாற்று உறுதிப்பாடு தனியே ஆராயத்தக்கது. எனினும் ஒன்று தெளிவு: கல்லும் ஏடும் இல்லாத நிலையிலும், மக்கள் தம் வீரரைப் பெயர் சொல்லியே நினைத்தனர்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் முதல் உலகப்போரில் மாண்ட தமிழ்நாட்டு வீரர்களுக்கு ஊர்தோறும் கல்வெட்டுகள் எழுந்தன. அவற்றுள் வேலூர், திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டுகளின் வாசகங்களை நடுகல் மரபோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வெட்டின் வாசகம்

வேலூர் நீண்ட கடைத்தெருவின் மணிக்கூண்டில் உள்ள ஆங்கிலக் கல்வெட்டு, அவ்வூரிலிருந்து பெரும்போருக்கு 277 பேர் சென்றதையும் அவர்களுள் 14 பேர் தம் உயிரைக் கொடுத்ததையும் கூறுகின்றது. திருச்சிராப்பள்ளி காந்தி சந்தை அருகேயுள்ள நினைவுச்சின்னம் 302 பேர் சென்றதையும் 41 பேர் மாண்டதையும் குறிக்கின்றது. பிரித்தானிய இந்தியாவின் பல ஊர்களில் நிறுவப்பட்ட கல்வெட்டுகள் இதே வாய்பாட்டில் அமைந்தவை. ஊர், சென்றோர் தொகை, மாண்டோர் தொகை என்னும் மூன்றே உறுப்புகள் இதில் உள்ளன. ஊரும் எண்ணும் மட்டும் மாறுகின்றன, வாக்கியம் மாறுவதில்லை.

இவ்வாய்பாட்டில் மாண்டவரின் பெயர் இல்லை. தந்தை பெயர் இல்லை. களம் எது என்பதும் இல்லை. சென்னை மாகாணப் படைப்பிரிவுகள் மெசபொத்தேமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் போரிட்டன. நெல்லைச் சீமையின் ஊர்ப்பெயரைத் தாங்கிய 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை, 1914 நவம்பரில் இன்றைய தான்சானியாவிலுள்ள தாங்காவில் களமிறங்கியது. இக்களங்கள் யாவும் 'பெரும்போர்' என்னும் ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன.

நடுகல்லின் இலக்கணம்

தொல்காப்பியப் புறத்திணையியல், கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை நடுகல் எடுக்கும் நிலைகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என வகுக்கின்றது. கல்லில் வீரனின் பெயரும் சிறப்பும் பொறிக்கப்பட்டதை அகநானூற்றுப் பாடல்கள் சுட்டுகின்றன. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் இம்மரபின் தொன்மையை உறுதிப்படுத்தின.

செங்கம் வட்டார நடுகற்களில் மன்னனின் ஆட்சியாண்டு, தலைவன், நிகழ்ச்சி, வீரனின் பெயர் ஆகியவை முறையாக இடம்பெறுகின்றன. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் இங்குக் கருதத்தக்கது. அக்கல், மாண்ட கருந்தேவக்கத்தியின் பெயரைச் சொல்வதோடு, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அவனது நாய்க்கும் உருவம் செதுக்கி, அதன் பெயர் 'கோவிவன்' எனப் பதிவு செய்கின்றது. பல்லவர் காலச் சிற்றூர் ஒன்று நாயின் பெயரையும் மறவாது பொறித்தது. 20ஆம் நூற்றாண்டின் பேரரசு 14 மனிதரின் பெயர்களைப் பொறிக்கவில்லை.

வினைச்சொல்லின் வேறுபாடும் கருதத்தக்கது. நடுகல் 'பட்டான்' என்று மட்டும் கூறும். எதன்பொருட்டு என்பதை நிகழ்ச்சி விளக்கும். போர்க் கல்வெட்டோ 'உயிரைக் கொடுத்தனர்' என்கின்றது. கொடுத்தல் என்னும் வினை, மாண்டவரின் மனவிருப்பைக் கல்வெட்டு நிறுவியோரே எடுத்துரைப்பதாக அமைகின்றது. ஊதியத்துக்காகச் சேர்ந்தவரும் நோயால் இறந்தவரும் அவ்வினைக்குள் ஒன்றாகிவிடுகின்றனர்.

எண்ணின் அரசியல்

சிறு கல்வெட்டில் பெயர்களுக்கு இடமில்லை என்று அமைதி கூறலாம். ஆனால் 14 பெயர்களுக்கு ஒரு பலகை போதும். மேலும், இடம் மிகுந்திருந்த பெருஞ்சின்னங்களிலும் இதே நிலை காணப்படுகின்றது. 1917இல் தோன்றிய பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம், மாண்டோரைத் தரம், இனம், சமய வேறுபாடின்றி நினைவுகூர்வதைக் கொள்கையாகக் கொண்டது. 1927இல் பிரான்சின் நவ் சாப்பேலில் அது திறந்த நினைவுச்சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் உள்ளன. 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்திலோ பிரித்தானியரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட, இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர். ஐரோப்பியர் காணும் இடத்தில் பெயர். பிற இடத்தில் எண். இச்சமமின்மையை ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஏற்று வருத்தம் தெரிவித்தது. எனவே வேலூர்க் கல்வெட்டின் மௌனத்தை இடக்குறையாக மட்டும் கொள்ள இயலாது. அது ஒரு நோக்கின் வெளிப்பாடு.

மறுதலையும் மதிப்பும்

நடுகல்லைக் குறையற்றதாகக் கொள்வதும் பொருந்தாது. அது ஒருவனுக்கு எடுக்கப்படுவது. பெயர் பொறிக்க உற்றார் இல்லாதவனுக்குக் கல் இல்லை. மீண்டு வந்தோரை அது பெரும்பாலும் பேசுவதில்லை. போர்க் கல்வெட்டோ சென்றோர் அனைவரையும் கணக்கில் கொள்கின்றது. வேலூரில் திரும்பி வந்த 263 பேர் உண்டு என்பதை நாம் அறிவது அவ்வெண்ணால்தான். ஓர் ஊர் போருக்கு அளித்த பங்கின் அளவைக் காட்டும் சான்று என்ற வகையில் அக்கல்வெட்டு பேணத்தக்கது. பெயரின்றி எண் மட்டுமே நினைவாகிவிடும்போதுதான் குறை நேர்கின்றது.

முடிவுரை

நடுகல் பெயரையும் நிகழ்ச்சியையும் தருகின்றது. பேரரசின் கல்வெட்டு தொகையை மட்டும் தருகின்றது. முன்னது ஊர் தன்னவனுக்கு எடுத்தது; பின்னது அரசு தன் போருக்கு எடுத்தது. இவ்வேறுபாடே இரண்டின் மொழியையும் தீர்மானிக்கின்றது.

கல்லில் விடுபட்ட பெயர்களுள் பல ஏட்டில் உள்ளன. போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் இன்று இணையவழித் தேடலுக்குக் கிடைக்கின்றன; சில பதிவுகளில் தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் காணப்படுகின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டலில் உருமாறிய தமிழ் ஊர்ப்பெயர்களை இனங்காண்பது அவ்வட்டார ஆய்வாளருக்கே எளிது. சுரண்டை, தென்காசி, சங்கரன்கோவில் வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் இப்பதிவுகளை ஊர்வாரியாகத் தொகுத்து, வாய்மொழிச் செய்திகளோடு ஒப்பிடலாம். கோவிவனின் பெயரைக் காத்த மரபுக்கு உரியோர், தம் ஊரிலிருந்து சென்று மாண்டவரின் பெயரைத் தேடாதிருப்பது பொருந்தாது.