ஒரே ஒரு நரி

ஐரோப்பாவுக்குக் குளிர்காலச் சுற்றுலா என்றதும் விளம்பரங்கள் காட்டும் படம் ஏறக்குறைய ஒன்றுதான். பனி மூடிய கூரைகள், உறைந்த குளம், அதில் சறுக்கி விளையாடும் ஜனங்கள். ஆஸ்திரியா போகிறவர்கள் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்தப் படத்தின் பூர்வீகத்தையே பார்த்துவிடலாம்: பீட்டர் ப்ரூகல் 1565-ல் மரப்பலகையில் தீட்டிய 'பனியில் வேட்டைக்காரர்கள்'. வாழ்த்து அட்டைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'அழகான குளிர்காலக் காட்சி' என்று சொல்லி இதைக் கடந்துபோவது சரியில்லை என்பது என் கட்சி.

இடது பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். மூன்று வேட்டைக்காரர்கள் ஊர் திரும்புகிறார்கள். கூடவே தலை தொங்கிப்போன ஒரு நாய்க்கூட்டம். ஒருத்தருடைய ஈட்டியில் வேட்டை தொங்குகிறது: ஒரே ஒரு நரி. மூன்று பேர், இத்தனை நாய், கிடைச்சது இவ்வளவுதான்! பக்கத்தில் ஒரு சத்திரம். அதன் பெயர்ப்பலகையில் கலைமானுக்கு முன் மண்டியிடும் புனிதர். அந்தப் பலகையும் ஒரு கொக்கி கழன்று கோணலாகத் தொங்குகிறது. ப்ரூகலின் குசும்பு.

மூன்று பேரின் முகமும் நமக்குத் தெரிவதில்லை. நாம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறோம். வரிசையாக நிற்கும் மரங்கள் நம் கண்ணைச் சரிவில் இறக்கி, கீழே குளத்தில் சறுக்குகிறவர்களிடம் கொண்டு விட்டுவிடுகின்றன. களைத்தவர்களின் தலையைத் தாண்டி விளையாட்டைப் பார்க்கிறோம். சுற்றுலாப் பயணியின் பார்வையும் இதேதான்.

ஆனால் கீழே போனாலும் ப்ரூகல் விடுவதில்லை. பாலத்தில் ஒரு பெண் விறகு சுமந்து போகிறாள். ஆலைச் சக்கரம் உறைந்து கிடக்கிறது. ஆலை ஓடலைன்னா மாவு ஏது? தூரத்தில் ஒரு வீட்டின் புகைபோக்கியில் தீ, ஏணியோடு ஓடிவரும் ஆட்கள்.

1564-65-ன் கடும் குளிருக்கு இந்த ஓவியத்தைச் சாட்சியாகக் காட்டுவது வழக்கம். குளிர் உண்மைதான். ஆனால் இதை வானிலை அறிக்கையாகப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது: பின்னால் நிற்கும் அந்தக் கூரான மலைகள். ப்ரூகல் வாழ்ந்த தாழ்நிலப் பகுதியில் அப்படி மலையே கிடையாது. 1550-களில் இத்தாலி போய்வந்தபோது பார்த்த ஆல்ப்ஸை இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார். ஆக, இது யோசித்துக் கட்டிய காட்சி. நரி ஒன்றே ஒன்றாக இருப்பதும் யோசித்து வைத்ததுதான்.

இதற்கு எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. இதை வரையச் சொன்னவர் நிக்லாஸ் யோங்கலிங்க் என்ற ஆண்ட்வெர்ப் வணிகர். அவர் வீட்டுக்காக ப்ரூகல் வரைந்த 'மாதங்கள்' வரிசையில் ஒன்று இது. 1566-ல் ஒரு நண்பரின் கடனுக்கு ஜாமீனாக அவர் கொடுத்த சொத்துக்களில் ப்ரூகலின் ஓவியங்கள் மட்டும் 16. அப்படியானால் ப்ரூகலும் ஏழைகளின் குளிரைப் பணக்காரரின் சுவரில் மாட்டியவர்தானே?

ஆமாம். ஆனால் கதகதப்பான அறையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மிக அருகில் அவர் வைத்தது குளத்தை அல்ல, வெறுங்கையாகத் திரும்பாத குறையாக வரும் மூன்று பேரை. காசு கொடுத்தவரின் ரசனையையும் கெடுக்கவில்லை, பார்த்ததையும் மறைக்கவில்லை. இன்றைய சுற்றுலாப் படங்கள் செய்வதோ, ஓவியத்தின் இடது பாதியை வெட்டி எறிந்துவிட்டுக் குளத்தை மட்டும் விற்பது.

அந்த வரிசையில் எஞ்சியவை ஐந்து. மூன்று வியன்னாவில், ஒன்று ப்ராகில், ஒன்று நியூயார்க்கில். போக முடியாதவர்களுக்கு 'இன்சைட் ப்ரூகல்' இணையதளம் இருக்கிறது. வியன்னா ஓவியங்களைத் தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். குளத்துக்கு அப்புறம் போகலாம். முதலில் நரியைத் தேடுங்கள்.