ஆர்ச்சரி: தி டெக்னிக்கல் சைடு

‘ஆர்ச்சரி: தி டெக்னிக்கல் சைடு’ (1947) வில்லையும் அம்பையும் இயற்பியல் நோக்கில் ஆராயும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு. கிளாரன்ஸ் ஹிக்மன், ஃபாரஸ்ட் நாக்லர், பால் கிளாப்ஸ்டெக் ஆகிய அமெரிக்கர்கள் தொகுத்தனர். மரபான ஆங்கில நெடுவில்லை மாற்றியமைக்கும் முயற்சிக்கு அறிவியல் அடிப்படை தந்த நூல்.

பின்னணி

ஹிக்மன் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர். கிளாப்ஸ்டெக்கும் இயற்பியலாளர், நாக்லர் பொறியாளர். வில்வித்தை இவர்களுக்குப் பொழுதுபோக்கு. அதுவரை கைவினைஞரின் அனுபவத்தை மட்டும் நம்பியிருந்த வில் தயாரிப்பில் இவர்கள் அளவீட்டையும் கணக்கையும் புகுத்தினர்.

உள்ளடக்கம்

நெடுவில்லின் குறுக்குவெட்டு ஆங்கில ‘டி’ எழுத்தைப் போன்றது. இலக்கை நோக்கிய முதுகு தட்டையாகவும் வில்லாளியை நோக்கிய வயிறு உருண்டும் இருக்கும். நாணை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு அமுங்குகிறது. மரம் இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது. உருண்ட வயிற்றின் விளிம்பிலுள்ள சிறிதளவு மரமே பெரும் அமுக்கத்தைச் சுமப்பதால் அங்கே நார்கள் நசுங்கிக் கோடுகள் விழுகின்றன. ஹிக்மன் பரிந்துரைத்த மாற்றம் அகன்ற, மெல்லிய, செவ்வக வடிவக் கைகள்.

மதிப்பீடு

இந்நூலின் வலிமை, ‘நல்ல வில்’ என்ற சொல்லைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றாக மாற்றியதே. 1940களில் அமெரிக்காவில் தட்டைவில் பரவலானதில் இவர்களது பங்கு பெரிது.

ஆனால் தட்டையாக்குவது மட்டுமே முன்னேற்றம் ஆகாது. விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். செவ்வகக் கையின் தடிமனை 20 விழுக்காடு குறைத்தால் விறைப்பு ஏறத்தாழப் பாதியாகும். அதை ஈடுசெய்ய அகலத்தை இரட்டித்தால் மரத்தின் எடை 1.6 மடங்காகிறது. எனவே வில்லின் நீளத்தைக் குறைத்து, நுனிகளை மெலிதாக்கினால்தான் அம்பின் வேகம் கூடும். ஏற்கெனவே உள்ள நெடுவில்லின் வயிற்றைச் சீவித் தட்டையாக்குபவருக்குக் கிடைப்பது வலுக்குறைந்த வில் மட்டுமே. சீவிய மரத்தை மீண்டும் சேர்க்க முடியாது.

இரண்டாவது குறை, ஒப்பீட்டின் அளவுகோல். இலேசான பந்தய அம்பை எய்யும்போது கைகளின் எடை வேகத்தைப் பெரிதும் குறைக்கும். கனமான போர் அம்பில் அந்த இழப்பு குறைவு. மேலும் யூ மரத்தில் முதுகுப்புறச் சாற்றுக்கட்டை இழுவிசையையும், வயிற்றுப்புற வைரக்கட்டை அமுக்கத்தையும் நன்கு தாங்கும். மற்ற மரங்களுக்குப் பொருந்தும் குறை யூ மரத்துக்கு அதே அளவில் பொருந்தாது.

1545-ல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ கப்பலிலிருந்து 137 முழு விற்கள் கிடைத்தன. கப்பல் 1982-ல் மீட்கப்பட்டது. அந்த விற்களின் குறுக்குவெட்டு ஒரே வடிவில் இல்லை. பல உருண்டையை ஒட்டியவை. 19-ஆம் நூற்றாண்டு விளையாட்டு வில்லின் ஒடுங்கிய ‘டி’ வடிவம் இடைக்காலப் போர்வில்லின் வடிவம் அன்று. தொகுப்பாளர்கள் அறிந்திருக்க முடியாத சான்று இது. ஆயினும், நூல் திருத்தியது பிற்கால விளையாட்டு வில்லைத்தான் என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்.

வில்லின் செயல்திறன் எந்த மரம், எந்த அம்பு, எந்தத் தேவை என்பவற்றைப் பொறுத்தது. இந்நூலின் கணக்குகள் இன்றும் பயன்படுபவை. அவற்றைக் கொண்டு மரபுக் கைவினைஞரை அறியாதவராகக் கருதுவது பொருந்தாது.