ஊமை எழுத்துக்குக் குரல் கொடுக்கலாமா?

மின்சுற்றில் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதை 'சோல்டரிங்' என்கிறோம். அதையே ஓர் அமெரிக்கர் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? 'சாடரிங்' என்பார். நடுவிலுள்ள 'எல்' அவர் வாயில் ஊமை. பிரிட்டிஷ்காரரோ அதை ஒலிக்கிறார். இருவருள் யார் பிழை செய்கிறார்?

என் வகுப்பில், தமிழ் வழியில் படித்து வந்த மாணவர் ஒருவர், 'அடிக்கடி' என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை 'ஆஃப்டன்' என்று வாசித்தார். பின்வரிசையில் சிரிப்பு. 'டி' ஒலிக்காதாம், 'ஆஃபன்' என்பதே சரியாம். அன்று முழுவதும் அவர் வாய் திறக்கவில்லை.

இச்சிரிப்புக்குப் பெரிய இடத்து ஆதரவு ஒன்று உண்டு. ஆங்கில வழக்குப் பற்றி ஃபௌலர் 1926-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், இந்த 'டி'யை ஒலிப்போரை இரு வகையாக்கினார்: மிகையாகத் துல்லியம் காட்டும் கல்விமான்கள் ஒரு வகை, தமக்கு எழுத்துக்கூட்டத் தெரியும் என்று காட்ட விரும்பும் அரைப்படிப்பாளிகள் மற்றொரு வகை. வீண் இலக்கண விதிகள் பலவற்றை உடைத்தவர் ஃபௌலர். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இங்கே அவர் சொல்லை விட்டுவிட்டுச் சொல்பவரை ஆராய்ந்தார். அளவீட்டைப் பாராமல், அளந்தவரின் சட்டையைப் பார்த்து மதிப்பெண் போடலாமா?

மின்சுற்றில் பழுது நேர்ந்தால் 'ஃபால்ட்' என்கிறோம் அல்லவா? பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லை முற்காலத்தில் 'எல்' இன்றியே எழுதினர். லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காக அது பின்னர் நுழைக்கப்பட்டது. நெடுங்காலம் ஊமையாகவும் இருந்தது. பேச்சில் இந்த 'எல்' பெரும்பாலும் விடப்படுகிறது என்று சாமுவேல் ஜான்சன் 1755-ல் தம் அகராதியில் குறித்திருக்கிறார். இன்று அதை விட்டுச் சொன்னால்தான் சிரிப்பார்கள்! 'சோல்டர்' என்பதன் 'எல்'லும் இப்படி வந்ததே. அது அட்லாண்டிக்கின் ஒரு கரையில் பேசத் தொடங்கிவிட்டது. மறுகரையில் இன்னும் மௌனம்.

'ஆஃப்டன்' என்பதிலுள்ள 'டி'யோ யாரும் செருகியது அன்று. ஆதியில் ஒலித்து, பிறகு பேச்சில் தேய்ந்தது. ஆகவே, ஒட்டு எழுத்தாக வந்த 'எல்'லைவிட அதற்கு உரிமை அதிகம்.

அதற்காக, எழுத்து இருந்தால் ஒலித்தே தீரவேண்டும் என்னும் கட்சியில் நான் சேரவில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் உள்ள 'பி'யும் லத்தீன் மோகத்தால் நுழைந்ததே. அதை ஒலிக்காதவர்களைக் கடிந்துகொள்ளும் ஹோலோஃபெர்னஸ் என்ற பள்ளி ஆசிரியரை 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் படைத்து ஷேக்ஸ்பியர் கேலி செய்தார். (என் தொழில்காரர், என்ன செய்வது!) 'ஐலண்ட்' என்பதில் உள்ள 'எஸ்' வேறொரு சொல்லோடு உறவு கற்பித்ததால் வந்த தவறு. 'ஆஃப்டன்' என்பவர்கூட 'லிஸ்டன்' என்று சொல்வதில்லை. எழுத்தை மட்டும் சாட்சியாக வைத்தால் வழக்கு நிற்காது. மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டு எழுதிய இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் அகராதிகள் 'ஆஃபன்', 'ஆஃப்டன்' இரண்டையும் தருகின்றன.

அடுத்த முறை பின்வரிசை சிரித்தால், அவர்களை 'ஃபால்ட்' என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த 'எல்' எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.